ரஞ்சனி நலம் விசாரித்த கதை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் அத்தா, அதாவது அப்பா, நிஜாமுதீனுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை. காலை பத்து மணிக்குள் நாற்பது மூட்டை இறக்கி, முப்பது மூட்டை ஏற்றி, நடுவில் ஆட்டோக்காரர்களோடு இரண்டு சண்டையும் போட்டு முடித்துவிடுகிற தெரு அது. அங்கே வளர்ந்தவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்? கேட்டதற்குப் பதில் சொல், பதில் தெரியாவிட்டால் நகர்ந்து நில். இவ்வளவுதான் நான் கற்ற மரியாதை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரஞ்சனிக்கும் எனக்கும் முதல் ஆறு மாதம் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

நான் தஹ்சீன். திருச்செங்கோடு சாலையில் இருக்கிற எங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறேன். கூடவே ஆப்பிரிக்க ஆய்வு மையத்தின் ஒருங்கிணைப்பாளர். ரஞ்சனி அந்த மையத்தின் அலுவலக உதவியாளர். மல்லசமுத்திரத்துக்காரி, முப்பத்தொரு வயது, பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு. மைய அறையின் சாவி அவளிடம் இருக்கும். அந்தச் சாவியை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

“வாங்க மேடம். சாப்டீங்களா? அத்தாவுக்கு முட்டிவலி பரவால்லீங்களா? சேலத்துல மழைங்களா?”

“சாவி, ரஞ்சனி.”

“குடுக்கறனுங்க. நேத்து பஸ்ல உக்கார எடம் கெடச்சுதுங்களா? வலி எந்த முட்டிலீங்க, வலதா இடதா?”

“ரஞ்சனி, எனக்கு ஒன்பதரைக்கு வகுப்பு.”

“அட ஆமாங்க. அம்மா நல்லா இருக்கறாங்களா?”

எல்லாவற்றுக்கும் பதில் வந்தால்தான் சாவி வரும். எனக்கு மட்டுமல்ல, தபால்காரருக்கும் இதே விசாரணைதான். பதிவாளர் அலுவலகத்திலிருந்து கோப்பு கொண்டுவருகிறவர், கோப்பை மேசையில் வைத்துவிட்டு மாட்டுக்குக் கன்று பிறந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் போவார். இந்தப் பெண்ணை வேறு துறைக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை கடிதம் எழுதினேன். இரண்டு முறையும் அனுப்பவில்லை. இரண்டாவதை எழுதிய மறுநாள் காலை அவள், “அத்தாவுக்குக் கொடுங்க மேடம், முட்டிக்குத் தேய்க்கறதுக்கு” என்று ஒரு பாட்டில் நொச்சித் தைலத்தை மேசைமேல் வைத்தாள். அத்தா அதைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு மாற்றல் கேட்பது?

மையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன்னால் தொடங்கினார்கள். இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள், சுவர் நிறைய ஒரு வரைபடம், ஒரு புரொஜெக்டர். நான் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. அதன் வரலாற்றைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கண்டத்தை மாணவர்கள் படிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. அதற்காக, மையத்தின் பொறுப்பை ஏற்ற உடனே ஓர் ஆப்பிரிக்க வாரம் நடத்தினேன். மாணவர் குழு ஒட்டிய சுவரொட்டிகளில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மறுபடியும் சிங்கம். வினாடி வினாவில் ஒரு கேள்வி, ஆப்பிரிக்காவின் தலைநகரம் எது?

அதைப் பார்த்துச் சிரித்தவள் நீமா. தான்சானியாவிலிருந்து வந்து எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற பெண்.

“ஏன் மேடம், ஆசியாவின் தலைநகரம் சேலமா?” என்றாள். பிறகு சிங்கப் படத்தைக் காட்டி, “இதை நானும் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன். எங்கப்பா பேங்க்கில் வேலை செய்கிறார்” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றே சுவரொட்டிகளைக் கிழித்துப் போட்டேன். வெட்கத்தோடு வெட்கமாக நீமாவிடமே கேட்டேன், வாரம் ஒரு நாள் சுவாஹிலி மொழி சொல்லித் தர முடியுமா என்று. அவள் சம்மதித்தாள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு, மொத்தம் நாற்பது மணி நேரம், முடித்தால் சான்றிதழ். சேர்ந்தவர்கள் ஏழு பேர்.

நீமா மூன்று வாரம் வணக்கம் சொல்வதை மட்டுமே நடத்தினாள். பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகமோ’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்ட பிறகுதான் பேச்சே. அதன் பின் வீட்டு நலம், பிள்ளைகள் நலம், வேலை நலம், ஆடு மாடு நலம், மழை நலம். நான்காவது வாரமும் அதுவே ஓடியபோது நான் பொறுமையிழந்தேன்.

“நீமா, நாற்பது மணி நேரத்தில் பாதியை நலம் விசாரித்தே தீர்த்துவிடுவாய் போலிருக்கிறது. பாடத்தை எப்போது ஆரம்பிப்பாய்?”

“இதுதான் மேடம் பாடம். இதைத் தாண்டாமல் எங்கள் ஊரில் ஒரு தக்காளி வாங்க முடியாது.”

மாணவர்கள் நெளிந்தார்கள். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் மட்டும் நெளியவில்லை. டீ கொண்டுவந்த ரஞ்சனி, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஏற்கெனவே இருந்த கோபம் அவள்மேல் பாய்ந்தது.

“டீ கொடுத்தாயிற்று அல்லவா? இங்கே என்ன வேலை?”

மாணவர்கள் முன்னால் கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நீமா சாக்கட்டியைக் கீழே வைத்தாள். என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், அன்று தமிழில் பேசினாள். அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது ரஞ்சனி, அதனால் அது மல்லசமுத்திரத்துத் தமிழ்.

“அவங்க வந்தாத்தானுங்க வகுப்பு.”

நான் போய்க் கூப்பிட்டேன். மாடிப்படியில் நின்றிருந்தாள். கூப்பிடும்போது மன்னிப்பும் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. “வா, அந்தப் பெண் பிடிவாதம் பிடிக்கிறாள்” என்றேன். ஊழியர்களைச் சேர்க்க விதியில் இடமில்லை என்பதால் அவள் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. ஸ்டூல் மட்டும் வகுப்புக்குள் வந்தது.

எதற்காக இதைப் படிக்கிறாள் என்று பிற்பாடுதான் கேட்டேன். அவள் கணவர் ஜெயபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் இது புதிதல்ல. இந்த ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது, இப்போது கடல் தாண்டியும் போகின்றன. ஜெயபிரகாஷ் தான்சானியாவுக்குப் போய் ஆறு வருடம். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு, அதுவும் நிச்சயமில்லை. ஆறு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட சுவாஹிலி நான்கு வார்த்தைகள்: தண்ணீர், டீசல், சீக்கிரம், போதும்.

நான் சுவர் வரைபடத்தைப் பார்த்தேன். ஆப்பிரிக்காவைத் தேடி நான் இருநூறு புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சாவி கொடுக்கிறவளின் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார். ஆறு மாதமாக அவள் என் அத்தாவின் முட்டியை விசாரித்திருக்கிறாள், நான் அவள் கணவர் எங்கே வேலை செய்கிறார் என்றுகூடக் கேட்டதில்லை.

“போன்ல அவரு பேசறப்பப் பின்னால ஆளுக பேசற சத்தம் கேக்குமுங்க. என்ன பேசறாங்கன்னு தெரிஞ்சா அவரு இருக்கற எடம் கொஞ்சம் பக்கத்துல வந்த மாதிரி இருக்குமில்லீங்களா?”

“வேவு பார்க்கிறாயா?” என்று கிண்டலடித்தேன்.

“வேவும்தானுங்க” என்று சிரித்தாள்.

அவர்களுக்கு ஒரே பெண், இலக்கியா, ஐந்து வயது. அதற்கு இன்னும் காது குத்தவில்லை. முதல் தடவை நாள் குறித்தபோது மாற்று ஆள் வராமல் ஜெயபிரகாஷால் கிளம்ப முடியவில்லை. இரண்டாம் தடவை மழையில் ரிக்கின் அச்சு முறிந்துபோனது. அப்பா இல்லாமல் செய்யக் கூடாது என்று ரஞ்சனி ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ய, குழந்தை காதில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு போகும். மாமியார் குஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “இனியும் தள்ளிப்போட்டா, கல்யாணத்தையும் காதுகுத்தையும் ஒண்ணாத்தாஞ் செய்யோணும்” என்றார். மூன்றாவது தடவையாக ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம் குறித்தார்கள். ஜெயபிரகாஷ் சனிக்கிழமை இரவு விமானம் ஏற வேண்டும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரஞ்சனி எனக்கும் நீமாவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள்.

அந்தத் திங்களுக்கு முந்தின வியாழன். மூன்றே கால் மணி, வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ரஞ்சனியின் போன் அடித்தது. எடுத்து வெளியே போனவள், முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

“அட கெரகமே... மேடம், வண்டிய உட மாட்டேங்கறாங்களாமா.”

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஜெயபிரகாஷ் படபடவென்று பேசினார். சிங்கிடா பக்கம் ஒரு கிராமம். ஆறு நாளாக அங்கே இருக்கிறார்கள். ஜியாலஜிஸ்ட் குறித்துக் கொடுத்த பாயிண்டில், நம் வழக்கப்படி தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி நாலு பக்கமும் வைத்து வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். நானூற்று இருபது அடி போயும் புழுதிதான். சுவாஹிலி பேசுகிற டிரைவர் காய்ச்சலோடு டவுனுக்குப் போய்விட்டார். இன்று காலை ராடுகளை ஏற்றிக் கிளம்பும்போது ஊரே வந்து வண்டிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பழங்களைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்கிறார்கள்.

“அடிக்கறாங்களா?” என்றேன்.

“அதெல்லாம் இல்லீங்க மேடம். வேளாவேளைக்குச் சோறு போடறாங்க. வண்டியத்தான் உட மாட்டேங்கறாங்க. இன்னைக்குப் பொழுதோட கெளம்புனாத்தான் வண்டிய டொடோமா யார்டுல உட்டுட்டு ஏர்போர்ட் போக முடியுமுங்க. இல்லீன்னா காதுகுத்து போச்சுங்க.”

இதில் என்ன கஷ்டம், நீமா இருக்கிறாளே! நான் போனைப் பிடுங்கி அவள் கையில் திணித்தேன். ஊர்த் தண்ணீர்க் கமிட்டியின் தலைவியைக் கூப்பிடச் சொன்னாள். பீபி மரியமு என்று பெயர், பீபி என்றால் அங்கே பாட்டி; அறுபதைத் தாண்டியவர் என்று குரலிலேயே தெரிந்தது. நீமா பணிவாக வணக்கம் சொன்னாள், விளக்கினாள். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். நீமா போனைத் தாழ்த்தினாள்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“நீ எங்க பிள்ளை, உன்மேல எனக்கு என்ன கேள்வி இருக்குங்கறாங்க. எங்க நிலத்துல அந்தச் சிவப்பை வெச்சது எதுக்குன்னு, வெச்சவங்க வீட்டு ஆளு யாராச்சும் சொல்லட்டுமாம். அது ரத்தமோ சூனியமோன்னு ஊர் பயப்படுதாம்.”

எல்லோரும் ரஞ்சனியைப் பார்த்தோம். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு எங்கீங்க அவ்வளவு தெரியும்?”

“தெரிஞ்சதைப் பேசுங்க” என்றாள் நீமா.

ரஞ்சனி போனை வாங்கினாள். ஸ்டூலிலிருந்து எழுந்து, எதிரில் ஆள் நிற்பதுபோலக் குனிந்து, “ஷிகமோ, பீபி” என்றாள்.

 அந்தப் பக்கமிருந்து “மரஹபா” என்று வந்தது.

நான் நினைத்தேன், இனி எலுமிச்சம்பழம். இல்லை. வீட்டில் எல்லோரும் சுகமா என்றாள். சுகம். பிள்ளைகள்? ஐந்து பேர், இரண்டு பேர் டவுனில். ஆடு மாடு? பதினோரு ஆடு. மழை? மார்கழிக்குத்தான். உடம்பு? உடம்புக்கு என்ன, முட்டிதான் வலி. ரஞ்சனி கையை உயர்த்தி, “அம்மிணி, முட்டிக்கு என்ன?” என்று நீமாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டு, எந்த முட்டி, வலதா இடதா என்று விசாரித்தாள்.

“ஏம்புள்ள!” ஜெயபிரகாஷ் போனுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார். “நேரமாவுது, எலுமிச்சம்பழத்தச் சொல்லு!”

“நீங்க சித்தெ சும்மா இருங்க” என்று அதட்டிவிட்டு, மறுபடி முட்டிக்குப் போனாள். வலது முட்டியாம். தண்ணீர்க் குடத்தோடு ஒரு மணி நேரம் நடக்கிறாராம், போக ஒன்று, வர ஒன்று. ரஞ்சனி ‘போலே சானா’ என்றாள். ஐயோ பாவம் என்று நாம் சொல்வோமே, அது. 

நீமா என் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து நிமிடம் நலம் விசாரிப்பு. பிறகுதான் பழம். ரஞ்சனியிடம் இருந்ததோ கைப்பிடி வார்த்தைகள். எலுமிச்சை, சிவப்பு, ரத்தம் இல்லை, வீடு, புது வேலை. அவற்றை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் புது வேலை எது தொடங்கினாலும் இதை வைப்போம், நிலத்திடம் கேட்டுக்கொண்டு தோண்டுகிறோம் என்று அர்த்தம், கெட்டது ஒன்றும் இல்லை.

பீபி மரியமு சிரித்தார். சிரித்துவிட்டு ஒன்று கேட்டார். நீமா அதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள்.

“நிலத்துகிட்டக் கேட்டீங்க, சரி. எங்ககிட்ட ஏன் கேக்கலைங்கறாங்க. ஆறு நாளா தினமும் காலையில இவங்களைத் தாண்டித்தான் தண்ணிக்குப் போறாங்களாம். ஒருத்தரும் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசலையாம்.”

 எனக்கு யாரோ என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாவி, ரஞ்சனி. சாவி, ரஞ்சனி. ஆறு மாதமாக நான் பேசின பேச்சு அதுதானே?

பீபி மரியமு இன்னும் ஒன்று சொன்னார். இரண்டாவது இடம் என்ன ஆயிற்று என்று கேட்டாராம். ரஞ்சனிக்கு அது புரிந்துவிட்டது. தமிழுக்கு மாறினாள்.

“ஏனுங்க, ரெண்டாவது பாயிண்டு இருக்குதுங்களா?”

ஜெயபிரகாஷ் குரலைத் தாழ்த்தினார். “இருக்குது புள்ள. காண்ட்ராக்டுல ரெண்டு பாயிண்டு. அத அடுத்த செட்டு வந்து போட்டுக்குவாங்க.”

“எப்ப வருவாங்க?”

“அடுத்த மாசம்... இல்லீன்னா அதுக்கடுத்த மாசம். நான் லீவுல வாரேன்னுதான் இப்பவே சாமானக் கட்டிட்டோம்.”

ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு தடவை தள்ளிப்போன நாள். ஸ்டிக்கர் ஒட்டிய காது. ‘சும்மா வாங்க, அவங்க பாத்துக்குவாங்க’ என்று அவள் சொல்லியிருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படிச் சொல்லிவிடு என்றுதான் நான் மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

“அந்த அம்மா முட்டிவலியோட ரெண்டு மணி நேரம் நடக்கறாங்க. போட்டுக் குடுத்துட்டு வாங்க.”

“ஏம்புள்ள, தெரிஞ்சுதான் பேசறியா? ஒரு ராத்திரி பூரா ஓட்டோணும். நாளைக்கு மத்தியானந்தான் கெளம்ப முடியும். நடுவுல ஒரு டயரு பஞ்சர் ஆனாலும் பிளைட்டு போச்சு.”

“போட்டுட்டு வாங்க. எங்க போடறதுன்னு அவங்களையும் கூட்டிட்டுப் போயிக் கேட்டுட்டுப் போடுங்க.”

அதன் பிறகு சுவாஹிலியில் பீபி மரியமுவிடம் இரண்டு வாக்கியம் சொல்லி, வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லி, போனை வைத்தாள். வைத்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, “எனக்கு அழுகையா வருதுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அழுதாள். நீமா அவளைக் கட்டிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் செய்தியே இல்லை. அந்தக் கிராமத்தில் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும். சனிக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு லீவு. வீட்டில் இருந்துகொண்டு நீமாவுக்கு நான் நான்கு தடவை போன் செய்தேன், அவள் எனக்கு ஐந்து தடவை. மத்தியானம் ரஞ்சனியிடமிருந்து வாட்ஸாப் வந்தது. ஜெயபிரகாஷ் அனுப்பியதை அப்படியே அனுப்பியிருந்தாள்: ‘265 அடில நல்ல தண்ணி. லேட்டாயிருச்சு. பஸ்ல போயிட்டிருக்கேன்.’ அதற்கப்புறம் மறுபடியும் ஒன்றும் இல்லை. பிளைட் ஏறினாரா, விட்டாரா, யாருக்கும் தெரியவில்லை. “என்னம்மா, காதுகுத்து உனக்கா அந்தக் குழந்தைக்கா?” என்று அத்தா என்னைக் கேலி செய்தார்.

திங்கட்கிழமை காலை நானும் நீமாவும் எட்டரைக்கே மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டோம். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்தாயிற்று. குஞ்சம்மாள் என் கையைப் பிடித்து, “உங்களுக்குக் கோயில்ல வெட்டுன கிடாய்க் கறி ஆவாதுன்னு ரஞ்சனி சொன்னா. பருப்புஞ்சோறும் பொரியலும் தனியா வெச்சிருக்கறேன் சாமி” என்றார். தாய்மாமன் மணிமாறன், அதாவது ரஞ்சனியின் அண்ணன், புது வேட்டியில் மனைப் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் இலக்கியா, பட்டுப்பாவாடை, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதரை ஆயிற்று. ஜெயபிரகாஷ் போன் அணைந்தே கிடந்தது. ஒன்பதே முக்கால். ஆசாரி, “நேரம் போவுதுங்க, ஆரம்பிச்சரலாங்களா?” என்றார். எல்லோரும் ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தார்ச் சாலையையே பார்த்துக்கொண்டு, “பத்தரை வரைக்கும் நேரமிருக்குதுங்க” என்றாள். பத்து. பத்து ஐந்து. குஞ்சம்மாள் முணுமுணுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் விமானக் கம்பெனியையும், பஸ்ஸையும், புழுதியையும் ஒன்று விடாமல் திட்டினேன்.

பத்து பத்துக்கு ஒரு டாக்சி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. இறங்கினவருக்கு மூன்று நாள் தாடி. கடைசி நிமிடத்தில்தான் பிளைட்டைப் பிடித்தாராம், போனுக்குச் சார்ஜ் போடக்கூட நேரமில்லையாம். ஷூவில் சிவப்பு மண் இன்னும் காயாத மாதிரி ஒட்டியிருந்தது. இலக்கியா, “அப்பா!” என்று மடியிலிருந்து துள்ளியது. மணிமாறன் பிடித்து உட்கார வைத்தார். ரஞ்சனி அழவில்லை. “வாங்க. சாப்டீங்களா? பிளைட்ல எடம் ஜன்னலோரம் கெடச்சுதுங்களா?” என்றாள். கோயிலே சிரித்தது. நானும்தான்.

ஜெயபிரகாஷ் பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தார். மஞ்சளும் கறுப்பும் பூப்போட்ட கங்கா. அங்கே பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொள்கிற துணி, ஜோடியாகத்தான் விற்பார்கள். “முட்டிவலி கேட்ட புள்ளைக்கு ஒண்ணு, அது பெத்த புள்ளைக்கு ஒண்ணுன்னு அந்தம்மா குடுத்து உட்டாங்க. கைய ஆட்டி ஆட்டிச் சொன்னாங்க, எனக்கே புரிஞ்சுது.” ரஞ்சனி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை மணிமாறனின் மடியில் விரித்து அதன்மேல் குழந்தையை உட்கார வைத்தார்கள்.

ஆசாரி ஊசியை வைத்தார். ஒரு காது, கூச்சல். இரண்டாவது காது, அதைவிடக் கூச்சல். அதே நேரம் ரஞ்சனியின் போன் அடித்தது. ஜெயபிரகாஷ் அங்கே கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு வீடியோ கால். திரையில் சிவப்பு முக்காடு போட்ட ஓர் அம்மாள், பின்னால் ஒரு கைப்பம்பு, அதைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள். பீபி மரியமுவை அன்றுதான் பார்த்தோம். குழந்தையின் அழுகை கேட்டதும் அவர் தன் காதைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார். நீமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். ரஞ்சனி வணக்கம் சொல்லி, வீட்டு நலம் கேட்டு, முட்டி நலம் கேட்டாள். நடக்கிற வேலை இல்லை என்பதால் இரண்டு நாளாக வலி குறைவாம்.

அவள் போனைக் கணவரிடம் நீட்டினாள். ஜெயபிரகாஷ் பின்வாங்கினார்.

“எனக்கென்ன தெரியும்? நீயே பேசு புள்ள.”

“ஒரு வார்த்தைதானுங்க. சொல்லுங்க.”

காதோரம் குனிந்து சொல்லிக்கொடுத்தாள். ஆறடி உயரத்து மனிதர், மாநிலம் மாநிலமாகப் பாறையைத் துளைத்தவர், அத்தனை உறவுக்காரர்கள் நடுவில் வெட்கத்தோடு போனைப் பிடித்துக்கொண்டார்.

“ஷி... ஷிகமோ, பீபி.”

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். திரைக்குப் பக்கத்தில் வந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். “மரஹபா” என்றார், நிதானமாக. அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

ஜெயபிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து, “ஆறு வருஷமா அந்த நாட்டுலதானுங்க மேடம் இருக்கறேன். இந்த வார்த்தைய எனக்கு ஒருத்தருமே சொன்னதில்லீங்க” என்றார்.

“நீங்க மொதல்ல கேட்டாத்தானுங்களே அவங்க சொல்லுவாங்க?” என்றாள் ரஞ்சனி. சொல்லிவிட்டு, அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. “ரஞ்சனி, நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டேன். நான் அவளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். “இன்னும் இல்லீங்க மேடம். வாங்க, ஒண்ணா உக்காரலாம்” என்றாள்.